மீன் தொட்டியில் வேர்ச் செடிகளுக்கு மலிவான உரம்: எதை வாங்குவது, எவ்வளவு போடுவது

மீன் கடையில் 250 மில்லி பாட்டிலில் விற்கும் செடி உரத்தில் பெரும்பகுதி தண்ணீர். அதில் கரைந்திருக்கும் உப்புகளில் முக்கியமானவை உரக்கடையில் கிலோ கணக்கில் கிடைப்பவைதான். ஆனால் உரக்கடையில் கண்ணில் படுவதையெல்லாம் தொட்டியில் போட முடியாது. பாக்கெட்டில் போட்டிருக்கும் ஒரு எண் மாறினாலும் மீன் சாகலாம். அதனால் இந்தக் கட்டுரையில் மற்ற படிகளைவிட 4ஆம் படி கொஞ்சம் நீளம். அதை மட்டுமாவது தாண்டாமல் படியுங்கள்.

கணக்குகள் எல்லாம் நம் ஊரில் அதிகம் விற்கும் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டிக்கானவை. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கிடையாது, சாதாரண எல்.இ.டி. விளக்கு, சில மீன்கள், ஆற்று மணல் அல்லது சிறு ஜல்லி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. உங்கள் செடி வேரால் சாப்பிடுகிறதா?

அமேசான் ஸ்வோர்டு, கிரிப்டோகோரைன், வாலிஸ்னேரியா, குட்டை சஜிட்டேரியா, அல்லி வகைகள், கொட்டிக்கிழங்கு இனமான அப்போனோஜெட்டன் ஆகியவை மணலுக்குள் வேரைப் பரப்பி உணவு எடுப்பவை. இவற்றுக்கு மணலுக்குள் உரம் வைத்தால்தான் பலன் முழுமையாகத் தெரியும்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், மாஸ் எனப்படும் அலங்காரப் பாசி வகைகள், ஹார்ன்வொர்ட், மிதக்கும் செடிகள் ஆகியவற்றுக்கு மணலில் வைக்கும் உரத்தால் எந்தப் பயனும் இல்லை. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டின் கிழங்குத் தண்டையும் மணலில் புதைத்தால் அழுகிவிடும். தொட்டியில் இவை மட்டும்தான் என்றால் 5ஆம் படியை மட்டும் விட்டுவிடலாம்.

2. தொட்டியின் உண்மையான கொள்ளளவு

2×1×1 தொட்டி என்பது 2 கன அடி, அதாவது சுமார் 56 லிட்டர். ஆனால் மேலே ஒரு அங்குலம் காலி, கீழே இரண்டரை அங்குல மணல். மணல் இடுக்கில் நிற்பதையும் சேர்த்து மிஞ்சும் தண்ணீர் சுமார் 45 லிட்டர்தான். 56 என்று நினைத்து உரம் போட்டால் ஒவ்வொரு முறையும் கால் பங்கு கூடுதலாகப் போகும்.

வேறு அளவுத் தொட்டிக்கு: நீளம், அகலம், மணலின் மேலிருந்து தண்ணீர் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர் (மணல் இடுக்கில் நிற்கும் தண்ணீர் இதில் சேராது).

மணல் ஆழத்தையும் இப்போதே பாருங்கள். குறைந்தது 2 அங்குலம், முடிந்தால் 3 அங்குலம் வேண்டும். ஒரு அங்குல மணலில் உரத்தைப் புதைத்தால் அது வேருக்குப் போகாமல் தண்ணீருக்கு வந்து பாசிக்குத்தான் தீனியாகும். கடற்கரை மணல் வேண்டாம். அதில் கிளிஞ்சல் துகள் இருக்கும், தண்ணீரின் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும்.

3. எது குறைகிறது என்று இலையில் பாருங்கள்

மீனுக்குப் போடும் தீனியில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் நிறைய. மீன் கழிவாக அவை செடிக்குக் கிடைத்துவிடும். மீன் உள்ள தொட்டியில் முதலில் தீர்ந்துபோவது பெரும்பாலும் பொட்டாசியமும் இரும்பும். இதைத் தெரிந்துகொண்டாலே பாதிச் செலவு மிச்சம்.

பழைய இலைகளில் குண்டூசி குத்தியது போல ஓட்டை விழுந்து, ஓட்டையைச் சுற்றி மஞ்சள் படர்ந்தால் பொட்டாசியம் போதவில்லை. புதிதாக வரும் இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்பு. பழைய இலை முழுதாக மஞ்சளாகி உதிர்ந்தால் நைட்ரஜன். பழைய இலையில் நரம்புக்கு நடுவே மட்டும் மஞ்சள் என்றால் மெக்னீசியம். கடினமான போர் தண்ணீரில் இந்தக் கடைசிக் குறை அபூர்வம், ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுகிறவர்கள்தான் அடிக்கடி பார்ப்பார்கள்.

இரண்டு விஷயங்களை உரக்குறை என்று தப்பாக எடுத்துக்கொள்வார்கள். கிரிப்டோகோரைன் இடம் மாறினாலோ தண்ணீர் மாறினாலோ இலையெல்லாம் கூழாகிக் கரையும். வேரைத் தொடாமல் விட்டால் மூன்று நான்கு வாரத்தில் புதுத் துளிர் வரும். அதேபோல பண்ணையில் தண்ணீருக்கு வெளியே வளர்த்த அமேசான் ஸ்வோர்டு, தொட்டிக்குள் வந்ததும் பழைய இலைகளை உதிர்த்துவிட்டுத்தான் புது இலை விடும். இந்த நேரத்தில் பயந்துபோய் உரத்தைக் கொட்டினால் பாசிதான் வளரும்.

4. உரக்கடையில் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்

பெயரைச் சொல்லிக் கேட்டால் குழப்பம் வரும். சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விற்கும் "நீரில் கரையும் உரம்" வேண்டும் என்று சொல்லி, எண்ணைச் சொல்லுங்கள். மூன்று எண்களும் வரிசையாக நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் (பொட்டாசியம்).

13:0:45 என்பது பொட்டாசியம் நைட்ரேட். இதிலுள்ள நைட்ரஜன் முழுக்க நைட்ரேட் வடிவில் இருக்கும், மீனுக்கு ஆபத்து மிகக் குறைவு. 0:52:34 என்பது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். 0:0:50 என்பது பொட்டாசியம் சல்பேட், நைட்ரஜன் இல்லாமல் பொட்டாசியம் மட்டும் வேண்டும்போது. இவற்றோடு இரும்புக்கு "ஃபெரஸ் இ.டி.டி.ஏ. 12 சதவீதம்" என்று கேளுங்கள். இந்த நான்கும் போதும்.

வாங்கக் கூடாதவை: யூரியா, டி.ஏ.பி., 19:19:19, 12:61:0, 13:40:13. கடைக்காரர் பெரும்பாலும் 19:19:19ஐத்தான் எடுத்து நீட்டுவார், எல்லாம் இதிலேயே இருக்கிறது என்பார். அதன் 19 சதவீத நைட்ரஜனில் நைட்ரேட் 4 சதவீதம்தான். மீதி யூரியா 10.5, அம்மோனியம் 4.5. யூரியாவும் தண்ணீரில் அம்மோனியாவாகத்தான் மாறும். அம்மோனியாவின் நச்சு நம் ஊர்த் தண்ணீரில் இன்னும் மோசம். 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் மீனைக் கொல்லும் வடிவம் 1 சதவீதத்துக்கும் குறைவு. பி.எச். 8 ஆனால் அது 7 சதவீதத்தைத் தாண்டும். நம் போர் தண்ணீர் பல இடங்களில் 8க்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

13:40:13ஐத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. 13:0:45 கேட்டு இதை வாங்கி வருவது சாதாரணமாக நடக்கும் தவறு. முதல் எண் ஒன்றுதான், ஆனால் உள்ளே இருக்கும் நைட்ரஜனில் பெரும்பங்கு அம்மோனியம்.

பாக்கெட்டில் பார்க்க வேண்டியது மூன்று. கிரேடு எண். அதற்குக் கீழே நைட்ரஜனைப் பிரித்துப் போட்டிருக்கும் வரி, அதில் "நைட்ரேட் நைட்ரஜன்" மட்டும் இருக்க வேண்டும், அம்மோனியம், யூரியா என்ற சொற்கள் இருக்கக் கூடாது. பிறகு தயாரித்த தேதி. யூரியா, டி.ஏ.பி. போன்ற மானிய உரங்களுக்குத்தான் கடையிலுள்ள கருவியில் ஆதார் பதிவு கேட்பார்கள். நீரில் கரையும் உரங்களுக்கு மானியம் இல்லை, அதனால் பணம் கொடுத்தால் போதும். பில் மட்டும் கேட்டு வாங்குங்கள், உரத்தின் எண் அதில் எழுதியிருக்கட்டும்.

சில்லறையாகப் பிரித்துப் பொட்டலம் கட்டித் தருபவர்களிடம் வாங்கினால் ஒரு சோதனை செய்யலாம். இரும்பைத் தவிர மற்றவை பெரும்பாலும் வெள்ளைத் தூள், கண்ணால் பிரிக்க முடியாது. ஒரு சிட்டிகை தூளோடு வெற்றிலைச் சுண்ணாம்பு கொஞ்சம் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, குச்சியால் குழைத்து முகர்ந்து பாருங்கள். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் அதில் அம்மோனியம் இருக்கிறது, தொட்டிக்கு ஆகாது. ஆனால் ஒன்று, யூரியா இந்தச் சோதனையில் மாட்டாது. அதனால் மூல பாக்கெட்டைக் காட்டச் சொல்வதே மேல்.

பயிருக்கான "நுண்ணூட்டக் கலவை" பாக்கெட்டையும் கவனமாகப் பாருங்கள். பலவற்றில் துத்தநாகமும் செம்பும் சல்பேட்டாகவே சேர்ந்திருக்கும். இறாலும் நத்தையும் உள்ள தொட்டியில் செம்பு கூடினால் அவைதான் முதலில் போகும். இறால் வளர்ப்பவர்கள் இரும்பை மட்டும் தனியாக வாங்கி, மற்ற நுண்ணூட்டத்துக்கு மீன் தீனியையும் வாராந்திரத் தண்ணீர் மாற்றத்தையும் நம்புவது நல்லது.

5. வேருக்கு உருண்டை

இதற்கு இரண்டு வழி இருக்கிறது.

*செம்மண் உருண்டை.* மலிவானது, அளவு கொஞ்சம் பிசகினாலும் மீனுக்கு ஒன்றும் ஆகாது. பூச்சிமருந்து, உரம் படாத இடத்துச் செம்மண் அல்லது பானை செய்யும் களிமண்ணை எடுத்து, காயவைத்து, பொடித்து, மாவு சலிக்கும் சல்லடையில் சலியுங்கள். ஒரு ஸ்பூன் மண்ணில் வினிகர் விட்டால் நுரைக்கக் கூடாது. நுரைத்தால் சுண்ணாம்பு கலந்த மண், வேறு இடம் பாருங்கள்.

சலித்த மண் 100 கிராம், 0:0:50 உரம் 5 கிராம், 0:52:34 உரம் 1 கிராம், இரும்பு இ.டி.டி.ஏ. 1 கிராம். உலர்வாகவே நன்றாகக் கலந்து, பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசையுங்கள். ஊறின கொண்டைக்கடலை அளவில் 100 உருண்டை பிடித்து, நிழலில் மூன்று நாள் காயவையுங்கள். காய்ந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது.

செம்மண் வெறும் தாங்கி அல்ல. அதன் சிவப்பு நிறமே இரும்புதான். மணலுக்கு அடியில் ஆக்சிஜன் குறைந்த இடத்தில் அந்த இரும்பு வேர் எடுக்கக்கூடிய வடிவத்துக்கு மெல்ல மாறும். களிமண் துகள் பொட்டாசியத்தைப் பிடித்து வைத்து மெதுவாக விடும். நைட்ரேட்டை அது பிடித்து வைக்காது. அதனால்தான் 13:0:45ஐ உருண்டையில் சேர்க்கவில்லை, சேர்த்தால் இரண்டே நாளில் தண்ணீருக்கு வந்துவிடும்.

45 லிட்டருக்கு 5 உருண்டை வைத்து, அத்தனையும் ஒரே நாளில் கரைந்தாலும்கூடப் பாஸ்பேட் லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டாது.

*கேப்ஸ்யூல்.* பூந்தொட்டிகளுக்கு விற்கும், பிசின் பூச்சுப் போட்ட மெதுவாகக் கரையும் உருண்டை உரம் இருக்கிறதே, ஆஸ்மோகோட் மாதிரியானவை, அதை 00 அளவு ஜெலட்டின் கேப்ஸ்யூலில் அடைத்து வைப்பது இரண்டாவது வழி. நைட்ரஜன் அதிகம் கேட்கும் பெரிய ஸ்வோர்டுக்கும் அல்லிக்கும் இது நன்றாக வேலை செய்யும். ஆனால் 14:14:14 வகையில் நைட்ரஜனின் பாதிக்கு மேல் அம்மோனியம். பூச்சுதான் காவல். அதனால் கேப்ஸ்யூலில் பாதி மட்டும் உரம், மீதியை மணலால் நிரப்புங்கள். மணல் இருந்தால் கேப்ஸ்யூல் மிதந்து மேலே வராது என்பது கூடுதல் லாபம். 10 லிட்டருக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். மீன் நிறைய இருந்தால் அதிலும் பாதி.

பாக்கெட்டில் "3 முதல் 4 மாதம்" என்று போட்டிருப்பது 21 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. நம் தொட்டித் தண்ணீர் 28, 30 என்று நிற்கும், உரம் சீக்கிரமே தீரும். அதற்காக அதிகம் போடாதீர்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வையுங்கள்.

இந்தக் கேப்ஸ்யூலைக் களிமண்ணில் பொதிந்து அடுப்பிலோ கொளுத்தும் வெயிலிலோ காயவைக்காதீர்கள். சூட்டில் பூச்சு கெட்டு உரம் சீக்கிரமே வெளியே வந்துவிடும்.

*எங்கே வைப்பது?* நீள இடுக்கியால் பிடித்து, மணலின் அடிக் கண்ணாடி வரை இறக்கி, விரலால் மணலை மூடுங்கள். அதன் பிறகு இடுக்கியை மெதுவாகத் திறந்து வெளியே எடுங்கள். தண்டுக்கு நேர் கீழே வேண்டாம், 4 அல்லது 5 சென்டிமீட்டர் தள்ளி. பெரிய ஸ்வோர்டைச் சுற்றி மூன்று, கிரிப்டுக்கு ஒன்று, வாலிஸ்னேரியா வரிசையில் 10 முதல் 15 சென்டிமீட்டருக்கு ஒன்று. ஒரே நாளில் எல்லா இடத்திலும் வைக்காமல், பாதியை இந்த வாரமும் பாதியை அடுத்த வாரமும் வைத்தால் தவறு நடந்தாலும் சமாளிக்கலாம்.

6. தண்ணீரில் விடும் கரைசல்

தொட்டியில் தண்டுச் செடியோ அனுபியாஸோ இருந்தால், அல்லது உருண்டை வைத்தும் பழைய இலை வெளுத்தால் மட்டும் இது தேவை.

100 மில்லி ஆர்.ஓ. தண்ணீரில் 13:0:45 உரம் 9 கிராம், 0:52:34 உரம் 0.7 கிராம். இது முதல் பாட்டில். 10 லிட்டருக்கு 1 மில்லி வீதம் வாரம் ஒருமுறை விட்டால் நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.5, பொட்டாசியம் சுமார் 3.5 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்) ஏறும். நம் 45 லிட்டருக்கு 4.5 மில்லி.

மீன் அதிகமுள்ள தொட்டியில் நைட்ரேட் ஏற்கெனவே 20ஐத் தாண்டியிருக்கலாம். அங்கே 13:0:45க்குப் பதில் 0:0:50 உரம் 8 கிராம் போட்டு, 0:52:34ஐ விட்டுவிடுங்கள். பொட்டாசியம் சல்பேட் கரைய நேரம் எடுக்கும், வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு அடிக்கடி குலுக்குங்கள். அடியில் கொஞ்சம் மண்டி தங்கினால் தெளிவை மட்டும் வடித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது பாட்டில்: 100 மில்லியில் இரும்பு இ.டி.டி.ஏ. 0.8 கிராம். அதே 10 லிட்டருக்கு 1 மில்லி கணக்கு, இரும்பு 0.1 பி.பி.எம். ஏறும். இதை முதல் பாட்டிலோடு கலக்கக் கூடாது. பாஸ்பேட்டும் இரும்பும் சேர்ந்து மண்டியாகக் கீழே இறங்கும், செடிக்கு இரண்டுமே கிடைக்காது. தொட்டியில் விடுவதையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் மாற்றியதும் முதல் பாட்டில், புதன்கிழமை காலை விளக்குப் போடும் முன் இரண்டாவது. பி.எச். 7க்கு மேல் இந்த வகை இரும்பு தண்ணீரில் ரொம்ப நேரம் நிற்காது. கடினமான தண்ணீரில் இரும்பை உருண்டை வழியாகக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

அளக்க இருமல் மருந்து மூடி வேண்டாம், ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் வாங்குங்கள். பாட்டிலில் பெயர், தேதி, "குடிக்கக் கூடாது" என்று எழுதி ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள். 13:0:45 தூள் நெருப்புக்குத் துணை போகும் பொருள். அடுப்பு, பூஜை விளக்கு பக்கம் வைக்க வேண்டாம்.

7. செலவு

விலை கடைக்குக் கடை மாறும், இவை தோராயம். 13:0:45 கிலோ 150 முதல் 350 ரூபாய். 0:52:34 அதையொட்டி, சில இடங்களில் கொஞ்சம் கூடுதல். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன நகைத் தராசு 300 முதல் 500. இந்தத் தராசில் சிக்கனம் பார்க்காதீர்கள். சமையலறைத் தராசு 0.7 கிராமை ஒழுங்காகக் காட்டாது, ஸ்பூன் கணக்கு அதைவிட மோசம்.

கிலோவாக வாங்குவது உண்மையில் வீண். 45 லிட்டர் தொட்டிக்கு வாரம் 0.4 கிராம் 13:0:45 போதும், ஒரு கிலோ 47 ஆண்டுகளுக்கு வரும். 0:52:34 கிலோ பாக்கெட் அதே கணக்கில் 600 ஆண்டுகள்! நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் 100 கிராம் பொட்டலமாக விற்பவர்களிடம் வாங்குங்கள், கிராம் விலை அதிகம்தான், கையிலிருந்து போகும் பணம் குறைவு. மீதித் தூள் ஈரம் இழுத்துக் கட்டியாகாமல் ஜிப் கவரில் மூடி வைத்தால் சில ஆண்டுகள் தாங்கும்.

மீன் கடையின் "லிக்விட் கார்பன்" இந்தப் பட்டியலில் இல்லை. பெரும்பாலும் அது குளுட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினி, உரம் அல்ல. வாலிஸ்னேரியா இருக்கும் தொட்டியில் அதை விட்டால் இலை உருகிப்போகும்.

8. எப்போது என்ன செய்வது

உரம் வைத்த முதல் வாரம் மீனைக் கவனியுங்கள். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அசைவு மந்தமானால், யோசிக்காமல் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, கடைசியாக வைத்த கேப்ஸ்யூலைத் தோண்டி எடுங்கள்.

மஞ்சளான பழைய இலை திரும்பப் பச்சையாகாது, அதைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். புதிதாக வரும் இரண்டு மூன்று இலைகளைப் பாருங்கள். அதற்கு மூன்று நான்கு வாரம் பிடிக்கும். அதற்குள் அளவை மாற்றினால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

வாராவாரம் 30 சதவீதத் தண்ணீர் மாற்றம் தவறக் கூடாது. கணக்கில் விட்டுப்போன உப்பு சேர்ந்துகொண்டே போகாமல் இருக்க அதுதான் வழி. விளக்கு 6 முதல் 8 மணி நேரம். கண்ணாடியில் பச்சைப் படலம் ஏறினால் முதலில் விளக்கு நேரத்தை ஒரு மணி நேரம் குறையுங்கள், உரத்தில் அப்புறம் கைவைக்கலாம்.

செம்மண் உருண்டையை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பழைய இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக வையுங்கள். செடியைப் பிடுங்கி இடம் மாற்றும் நாள்தான் அதிக ஆபத்தான நாள். வேரோடு சேர்ந்து பாதி கரைந்த கேப்ஸ்யூலும் உர மணிகளும் மேலே வரும். பிடுங்குவதற்கு முன் ஃபில்டரை நிறுத்தி, ஒரு கையில் செடியும் மறுகையில் சைஃபன் குழாயுமாக, கிளம்பும் சேற்றை அப்படியே வாளிக்கு உறிஞ்சிவிடுங்கள். மணல் மேல் சிதறும் உர மணிகளை ஒன்று விடாமல் வலையால் அள்ளுங்கள், முடிந்ததும் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு ஃபில்டரைப் போடுங்கள். வாளித் தண்ணீரைச் சாக்கடையில் விட வேண்டாம், துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் அது முதல் தரமான உரம்.